டச்-அப் இல்லாத முகம்

சிங்கப்பூரில், எங்கள் தோ பாயோ வீட்டின் கூடத்தில், இயேசுவின் திரு இருதயப் படத்துக்குப் பக்கத்தில், ஒரு பெண்ணின் படம் பல வருடம் மாட்டியிருந்தது. ரோஸ் நிறப் புடவை, ஒரு பக்கமாகச் சாய்ந்த தலை, புடவையோடு போட்டி போடும் ரோஸ் கன்னம். வீட்டுக்கு வருகிறவர்கள் ஒரு தடவையாவது கேட்டுவிடுவார்கள், "இது யாரு, உங்க சொந்தக்காரப் பொண்ணா?" என்று. அம்மா கண்ணால் என்னைக் காட்டுவாள். வந்தவர் என்னைப் பார்ப்பார், படத்தைப் பார்ப்பார், பிறகு டீ ரொம்ப நன்றாக இருக்கிறது என்பார். டீக்கு அத்தனை பாராட்டு கிடைத்த வீடு அந்த அடுக்குமாடி புளோக்கிலேயே எங்கள் வீடுதான்.

நான் கறுப்பு. மாநிறம் இல்லை, களையான கறுப்பும் இல்லை. வெறும் கறுப்பு. இந்த வார்த்தை எங்கள் வீட்டில் யார் வாயிலும் வராது. "வெயில்ல அலைஞ்சிட்டு வந்திருக்கா" என்பார்கள். "சரியாத் தூங்கல" என்பார்கள். "உடம்புச் சூடு, எளநி குடிச்சா சரியாயிடும்" என்பார்கள். நான் குடித்த இளநீரை எல்லாம் சேர்த்தால் காலாங் ஆற்றில் விடலாம். அம்மாவும் கறுப்புதான், என்னைவிட ஒரு பிடி கூடவே. அவள் டால்கம் பவுடர் போடாமல் கதவைத் திறந்து நான் பார்த்ததில்லை. தங்கை அப்பாவைக் கொண்டு பிறந்துவிட்டாள், வெளுப்பு; அவளுக்குக் கீழே ஒரு தம்பி. அப்பா துறைமுகக் கிடங்கில் கிளார்க். யாரிடமும் குரலை உயர்த்தாதவர், எதற்கும் முந்திக்கொண்டு மன்னிப்புக் கேட்பவர்.

எனக்கு வேண்டியிருந்தது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. வீட்டில் யாராவது ஒருவர், ஒரு வெளியாள் முன்னால், "ஆமாம், அவள் நிறம் இதுதான்" என்று சாதாரணமாகச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். சொன்னால் காசா பணமா என்று நினைத்திருக்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில், பள்ளி முடித்ததும், சிராங்கூன் ரோட்டில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்தேன். தேக்கா மார்க்கெட்டுக்குச் சாமான் வாங்க வருகிறவர்கள் அப்படியே படம் எடுத்துக்கொண்டு போகும் கடை. முன்னால் கண்ணாடிப் பெட்டியில் மாதிரிப் படங்கள், உள்ளே ஒரு திரை, திரையில் எந்த ஊரிலும் இல்லாத ஒரு பூங்கா. கேமரா பெரியது, மூன்று கால் ஸ்டாண்டில் நிற்கும். அதிலிருந்து நீளமாக ஒரு ரப்பர் குழாய் வரும், அதன் முனையில் ஒரு ரப்பர் உருண்டை. உருண்டையை அமுக்கினால் படம் விழும். முதலில் கவுன்டரில் இருந்தேன். கையெழுத்து நன்றாக இருந்ததாலோ, கை நடுங்காததாலோ, கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வண்ணம் போடும் வேலையையும் முதலாளி என்னிடமே கொடுத்தார்.

கல்யாணத்துக்குக் கொடுக்கும் பெண் படம்தான் எங்கள் கடையின் முக்கியமான வியாபாரம். அதற்கு ஒரு முறை இருந்தது. பெண்ணை முதலில் கண்ணாடி முன்னால் உட்காரவைத்து, கடைப் பவுடரை முகத்தில் கொட்டுவோம். பிறகு எதிரே இரண்டு விளக்கு, முகத்துக்கு நேராக. அது போதாது என்றால் நெகட்டிவில் கைவைப்போம். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். அதில் முகத்தை எவ்வளவு கறுப்பாக்குகிறோமோ, படத்தில் அவ்வளவு வெளுப்பாக வரும். முதலாளி மேசையில் ஒரு விளக்கைப் போட்டு, அதற்குமேல் நெகட்டிவை வைத்து, கூர்மையான பென்சிலாலும் சிவப்புச் சாயத்தாலும் பெண்களின் முகத்தைப் பொறுமையாகக் கறுப்பாக்கிக்கொண்டிருப்பார். இதற்குப் பெயர் டச்-அப். கடைசியில் படம் என்னிடம் வரும். தீக்குச்சியில் பஞ்சைச் சுற்றி நான் வண்ணம் தேய்ப்பேன். புடவைக்கு ஒரு குழாய், பூவுக்கு ஒரு குழாய், தோலுக்கு ஒரு குழாய். தோல் குழாயின் மேல் இங்கிலீஷில் 'ஃப்ளெஷ்' என்று எழுதியிருக்கும். திறந்தால் உள்ளே வெந்த இறால் நிறம். யாருடைய சதை இது என்று முதல் நாளே கேட்டேன். "வெள்ளைக்காரன் கம்பெனிலா, அவன் சதையத்தான் போடுவான்" என்றார் முதலாளி. அவருக்கு அதில் கோபம் எதுவும் இல்லை. எனக்கு இருந்தது. ஆனாலும் தேய்த்தேன், சம்பளம் அதற்குத்தான்.

பிறகு என் முறை வந்தது. எங்கள் கோயிலில் மாதா சபையை நடத்திக்கொண்டிருந்த ஓர் ஆன்ட்டிதான் அந்தக் கோயிலைச் சேர்ந்த பங்கு மக்களில் பாதிப் பேர் கல்யாணத்துக்குக் காரணம். ஞாயிறு பூசை முடிந்ததும் அவர் கைப்பையைத் திறந்தால் உள்ளே ஜெபமாலையைவிட மாப்பிள்ளை படங்கள்தான் அதிகம் இருக்கும். அவர் அம்மாவிடம் ஒரு படம் கேட்டார். என் முதலாளி, "நம்ம கடைப் பொண்ணு, நானே பாத்து செய்றேன்" என்று சொல்லி, ரோஸ் புடவையும் சாய்ந்த தலையுமாக என்னை எடுத்து, நெகட்டிவில் நாள் முழுக்க உட்கார்ந்து, வண்ணமும் அவரே தேய்த்துக் கொடுத்தார். அன்பளிப்பு. படத்தைப் பார்த்து அம்மா அழுதாள், சந்தோஷத்தில். "இப்பதான்டி பொண்ணு மாதிரி இருக்க" என்றாள்.

அதுவரைக்கும் எந்த மாதிரி இருந்தேன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

மாப்பிள்ளை வீட்டார் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வந்தார்கள். வேறு கோயில் பங்கு, நல்ல குடும்பம், மாப்பிள்ளைக்கு அரசாங்க வேலை. அம்மா எனக்குப் பவுடரை அடித்த அடியில் இரண்டு தும்மல் வந்தது, வியர்வையில் அது கழுத்து வரை வழிந்துகொண்டிருந்தது. தட்டில் டீயை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன். மாப்பிள்ளையின் அம்மா ஒரு கப்பை எடுத்துக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால், படுக்கையறை வாசலில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த என் தங்கையைப் பார்த்துச் சிரித்தார்.

"வாம்மா, ஏன் அங்கயே நிக்கிற? போட்டோல பாத்த மாதிரியேதான் இருக்க. வந்து ஆன்ட்டி பக்கத்துல உக்காரு."

பிறகு என் பக்கம் திரும்பி, "நீ தட்ட வச்சிட்டுப் போம்மா" என்றார். நல்ல மாதிரியாகத்தான் சொன்னார். வீட்டு வேலைக்கு வந்த பெண்ணிடம் தன்மையாகப் பேசுகிற நல்ல மனுஷி.

தங்கை அறைக்குள் ஓடிவிட்டாள். அப்பா எழுந்து நின்றார். அவர் என்ன சொல்லப்போகிறார் என்று நான் தட்டைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லிவிடுவார் என்று உண்மையாகவே நம்பினேன்.

"மன்னிச்சுக்குங்க" என்றார் அப்பா. "இதுதான் மூத்தவ. போட்டோல லைட்டு கொஞ்சம் கூடிப்போச்சு."

"பரவால்ல, பரவால்ல" என்றார் அந்த அம்மாள். மாப்பிள்ளை தரையைப் பார்த்தான். டீ பாதியில் நின்றது. போகும்போதும் அப்பா லிஃப்ட் வரைக்கும் போய் இன்னொரு தடவை மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். எதற்கு? அவர்கள் பொருளைத் திருடிவிட்டோமா, அவர்கள் காலை மிதித்துவிட்டோமா? என் முகத்துக்காக என் அப்பா அந்நியரிடம் மன்னிப்புக் கேட்டார். இதை எழுதும்போதும் எனக்குக் கை சூடாகிறது.

அடுத்த வாரம் ஆன்ட்டி மூலம் செய்தி வந்தது. சின்னவளைக் கொடுப்பதாக இருந்தால் அவர்களுக்குச் சம்மதமாம். அப்பா உடனே முடியாது என்று சொல்லவில்லை. யோசித்தார். தங்கைதான் பாடப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல், "எனக்கு எக்ஸாம் இருக்குலா, அவங்களுக்கு வேற வேல இல்லையா?" என்று சொல்லி அதை முடித்தாள். அந்த ஒரு பதிலுக்காகவே அவளை எனக்கு இன்றுவரை பிடிக்கும்.

மதியத்தில் முதலாளி கடையை என்னிடம் விட்டுவிட்டு வாழையிலைச் சாப்பாட்டுக்குப் போவார். போனால் உடனே வரமாட்டார், வெற்றிலை போட்டு நாலு பேரிடம் கதை பேசிவிட்டுத்தான் வருவார். மாப்பிள்ளை வீட்டார் வந்துபோன சில நாட்களுக்குப் பிறகு ஒரு மதியம், அவர் தலை மறைந்ததும், கதவில் 'சாப்பாட்டு நேரம்' அட்டையைத் திருப்பிப் போட்டேன். பின்கட்டுக் குழாயடியில் முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். பவுடர் போனது. கழுத்து மடிப்பில் இருந்ததும் போகும்வரை தேய்த்தேன்.

கல்யாணப் படம் எடுப்பதில் என்னென்ன செய்வோமோ, அத்தனைக்கும் எதிராகச் செய்தேன். பூங்காத் திரையைச் சுருட்டி மேலே ஏற்றினேன். சுவர் மட்டும் இருந்தது. முன்விளக்கு இரண்டையும் அணைத்துவிட்டு, ஒன்றைப் பக்கத்துக்கு நகர்த்தினேன். கறுத்த தோலில் நேர் வெளிச்சம் அடித்தால் தோல் செத்துப்போகும். பக்கத்திலிருந்து வந்தால்தான் கன்னமும் நெற்றியும் எழுந்து நிற்கும். இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, தினமும் கண்ணாடியில் பார்த்துத் தெரிந்துகொண்டது. நான் உட்காரப்போகும் இடத்தில் விளக்குமாற்றை நாற்காலிமேல் நிறுத்தி, அதன் குச்சிகள் தெளிவாகத் தெரியும்வரை கேமராவைச் சரிசெய்தேன். பிறகு விளக்குமாற்றை எடுத்துவிட்டு அங்கே நான் உட்கார்ந்தேன். தலையைச் சாய்க்கவில்லை. பெண் படத்தில் கண் கேமராவுக்குப் பக்கத்தில் எங்கேயோ பார்க்க வேண்டும், நேராகப் பார்த்தால் திமிர் என்பார்கள். நான் நேராகப் பார்த்தேன். ரப்பர் உருண்டையை ஒளித்துவைக்கவும் இல்லை. நெஞ்சுக்கு நேராகப் பிடித்து, பார்க்கிறவர்களுக்குத் தெரியும்படி அமுக்கினேன். எடுத்தவளும் நான்தான் என்பது படத்திலேயே இருக்கட்டும்.

முதல் படம் கெட்டுப்போனது. கண்ணும் பல்லும் மட்டும் தெரிந்தன, மற்றதெல்லாம் இருட்டு. கடைக்கு வரும் கறுத்த பெண்கள் எதைப் பார்த்துப் பயந்தார்களோ, அதுவே வந்திருந்தது. மறுநாள் மதியம் வெளிச்சத்தைக் கூட்டி, இன்னும் நேரம் கொடுத்து, வெள்ளை ரவிக்கையை மாற்றிக் கருநீலம் போட்டுக்கொண்டு எடுத்தேன். இருட்டறையில் தாள் மருந்துத் தண்ணீரில் கிடந்தது. முதலில் கண் வந்தது, பிறகு மூக்கின் ஓரம், பிறகு நெற்றி மெல்ல மெல்ல நிறைந்தது. நான் நன்றாக இருந்தேன். கறுப்பாக இருந்தும் நன்றாக இருந்தேன் என்று சொல்லவில்லை. கறுப்பாக, நன்றாக இருந்தேன். சத்தம் போட்டுச் சிரித்தேன். அந்த இருட்டில் கேட்க ஆளில்லை.

நெகட்டிவில் பென்சில் படவில்லை. தோல் குழாயின் மூடியைத் திறக்கவில்லை.

அடுத்த வரன் வந்தபோது ஆன்ட்டி மறுபடி படம் கேட்டார். அம்மா அதே ரோஸ் புடவைப் படத்தின் ஒரு பிரதியை உறையில் போட்டு, என்னிடமே கொடுத்து, கோயிலில் கொடுத்துவிடச் சொன்னாள். நடந்த அவமானத்துக்குப் பிறகும் அதே படம். இந்த முறை டீயைத் தங்கை எட்டிப் பார்க்காத நேரத்தில் கொடுத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தாளோ என்னவோ. நான் உறையைப் பிரித்து, என் படத்தை வைத்து, ஒட்டிக் கொடுத்தேன்.

மறு ஞாயிறு பூசை முடிந்து எல்லாரும் கோயில் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தோம். ஆன்ட்டி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கையில் அந்த உறை.

"யாரு இந்தப் படத்த வச்சது?" என்று அம்மாவைக் கேட்டார். "இத வச்சுக்கிட்டு நான் எந்த வீட்டுக்குப் போக முடியும்?"

அம்மா படத்தை வாங்கிப் பார்த்தாள். அவள் முகம் சுருங்கியது.

"நான்தான் வச்சேன் ஆன்ட்டி" என்றேன். "என்ன தப்பு? அது நான்தானே?"

"நீதாம்மா" என்றார் ஆன்ட்டி. "அதான் பிரச்சன."

சுற்றி நின்றவர்கள் கேட்டார்கள். இரண்டு பேர் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். ஞானஸ்நானத்திலிருந்து என்னைப் பார்த்துவருகிற ஜனங்கள். நான் கறுப்பு என்பது அவர்களுக்குப் புதுச் செய்தியா? அதைப் படத்தில் போட்டதுதான் குற்றம். அப்பா வழக்கம்போல, "சின்னப் பொண்ணு, தெரியாமப் பண்ணிட்டா, மன்னிச்சிடுங்க" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா படத்தைக் கிழித்தாள். மறுநாள் கடையில் இன்னொன்று போட்டு வந்தேன். அதையும் கிழித்தாள். நெகட்டிவ் என்னிடம் இருக்கிறது என்பதை அவள் யோசிக்கவே இல்லை. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பெரிதாகப் போட்டேன். கடைசியில் கிழிக்க முடியாதபடி மரச்சட்டம் போட்டுக் கொண்டுவந்து, கூடத்தில் ரோஸ் புடவையைக் கழற்றிவிட்டு இதை மாட்டினேன்.

"யாராவது வந்தா என்னடி சொல்றது?" என்றாள் அம்மா.

"உங்க மகள்னு சொல்லுங்க."

"ஏன்டி இப்படிப் பழி வாங்குற? எங்களுக்குன்னு ஒரு மானம் இல்லையா?"

மானம். என் தோலை வைத்துக் கட்டிய மானம். அன்று ராத்திரி யாரும் சாப்பிடவில்லை. காலையில் எழுந்து பார்த்தால் ரோஸ் புடவை கூடத்துக்குத் திரும்பியிருந்தது. என் படம் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் தொங்கியது. கதவைத் திறந்தால் நான் மறைந்துவிடுவேன், மூடினால் தெரிவேன். அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன், ஆனால் ஆறவில்லை.

இன்னொரு பிரதியைக் கடையின் கண்ணாடிப் பெட்டியில், வெளுத்த பெண்களுக்கு நடுவில் வைத்தேன். முதலாளி அதைக் கவனிக்கச் சில நாளானது. கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சண்டை போட வசதியாக இருந்திருக்கும்.

"ஃபினிஷ் ஆகாத படத்த ஏன் வெளிய வச்ச?" என்று கேட்டார்.

"ஃபினிஷ் ஆன படம்தான்."

"டச்-அப் பண்ணலியேலா."

அவரோடு வாதாடி, பெட்டியின் கீழ் மூலையில் அதற்கு இடம் பிடித்தேன். ஒரு நாள் ஒரு பெண், என் நிறம்தான், பெட்டி முன்னால் ரொம்ப நேரம் நின்று என் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே வந்தாள். படத்துக்கும் எனக்கும் மாறி மாறிக் கண்ணை ஓட்டினாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அக்கா, எனக்கு நல்லா வெள்ளையா வர்ற மாதிரி எடுத்துக் குடுப்பீங்களா?" என்றாள். அவளுக்கு நான் பவுடர் போட்டேன். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவளை அனுப்பிவைத்தவர்கள் எல்லார்மேலும் இருந்தது.

எண்பதுகளில் கலர் வந்துவிட்டது, ஸ்டுடியோ வியாபாரம் மாறிப்போனது. நான் நகரத்துக்குள் ஒரு கலர் லேபுக்கு வேலை மாறினேன். ஏர்கான் அறை, பெரிய மெஷின், வெள்ளைக் கோட்டு. இனி பென்சிலும் இல்லை, குழாயும் இல்லை, மெஷினுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று நினைத்தேன். காலையில் மெஷினைச் சரிசெய்ய ஒரு மாதிரிப் படம் கொடுத்தார்கள். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் தோல் சரியாக வரும்படி திருகி வைத்தால், மெஷின் அன்றைக்கு ரெடி. அந்தத் திருகலில் எங்கள் கல்யாணப் படங்களைப் போட்டால், பட்டுப்புடவை ஜொலிக்கும், முகங்கள் மட்டும் கரி பூசியதுபோல இருக்கும். அதே குழாய், இப்போது மெஷினுக்குள் போய் உட்கார்ந்திருந்தது.

லேபின் பின்வாசலில், பகல் வெளிச்சத்தில், என் கேமராவை ஒரு பெட்டிமேல் வைத்து, தானாக அடிக்கும் விசையைத் திருகிவிட்டுப் போய் நின்று, என்னை நானே ஒரு படம் எடுத்தேன். இந்தியக் கல்யாணச் சுருள் வந்தால் அதை வைத்து மெஷினைத் திருகினேன். என் முகம் என் முகமாக வரும்வரை திருகுவேன், பிறகு மற்றவர்களைப் போடுவேன். எங்கள் சூப்பர்வைசர், ஒரு சீனர், அந்தப் படத்தை எடுத்துப் பார்த்து, ஏன் உன் முகம் என்று கேட்டார். ஏன் அவள் முகம் என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஓகேலா என்று வைத்துவிட்டுப் போனார். மனதில் பட்டதை மறைக்கத் தெரியாத மனிதர். சண்டைக்கு வந்தவர்கள் எங்கள் ஆட்கள்தான். ஒரு கல்யாணப் போட்டோகிராபர் சுருளைக் கவுன்டரில் எறிந்தார். "என்னம்மா, பொண்ணு இப்படிக் கறுப்பா வந்திருக்கு? பார்ட்டி காசு குடுக்க மாட்டேங்குறான். கொஞ்சம் வெளுத்துக் குடு." பெண் அப்படித்தானே இருக்கிறாள் என்றேன். "அது எனக்குத் தெரியும்" என்றார். எல்லாருக்கும் எப்போதும் தெரியும்.

எனக்குக் கல்யாணம் ஆனதா என்று இந்த இடத்தில் கேட்பார்கள். அதை வைத்துத்தான் என் படத்துக்கு மார்க் போடுவீர்கள் என்றால், சொல்வதாக இல்லை.

எண்பதுகளின் நடுவில் அம்மா ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். புளோக்குக்குக் கீழே, வாய்ட் டெக் என்கிற திறந்த தரைத்தளத்தில், நாற்காலி போட்டு, பூ வைத்து, பெட்டியை வைத்தார்கள். அடக்கத்தைக் கவனிக்கும் கம்பெனிக்காரர்கள் அம்மாவைக் குளிப்பாட்டி உடுத்திக் கொண்டுவந்திருந்தார்கள். நான் பெட்டிக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன்.

அம்மா ரோஸ் நிறத்தில் இருந்தாள்.

அது அவள் போடும் பவுடர் இல்லை. மெழுகுபோல ஏதோ ஒன்றைத் தடித்துப் பூசியிருந்தார்கள். வெந்த இறால் நிறம். அந்தக் குழாயை எனக்குத் தெரியும், எத்தனை பெண்கள்மேல் தேய்த்திருக்கிறேன். காதுக்குக் கீழே பூச்சு நின்றுபோன இடத்தில் அம்மாவின் கழுத்து கறுப்பாகத் தொடங்கியது. தலைமாட்டில் பெரிதாக்கி வைத்திருந்த படத்திலும் யாரோ ஒரு சிவந்த அம்மாள் இருந்தாள். தம்பி ஏதோ ஒரு கடையில் கொடுத்துச் செய்து வாங்கி வந்தது. இரண்டு ரோஸ் அம்மாக்கள், என் அம்மா எங்கே?

கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்து எடுத்துவந்து துடைக்க ஆரம்பித்தேன். முதலில் நெற்றி, பிறகு கன்னம். சுலபமாகப் போகவில்லை. தங்கை வந்து என் கையைப் பிடித்தாள்.

"என்னக்கா பண்ற? அம்மாவுக்குப் பவுடர் இல்லாம இருந்தா பிடிக்காதுலா."

தெரியும். அம்மாவுக்குப் பிடிக்காது. உயிரோடு இருந்தால் என் கையைத் தட்டிவிட்டிருப்பாள். அவளுக்குக் கோபம் என்றால் பட்டுக்கொள்ளட்டும், எனக்கும் அவள்மேல் இருக்கிறது. துடைத்து முடித்தேன். தலைமாட்டுப் படத்தை எடுத்துத் தூணுக்குப் பின்னால் வைத்தேன்.

எங்கள் வழக்கப்படி, பெட்டியைச் சுற்றிக் குடும்பம் நின்று ஒரு படம் எடுப்பார்கள். அதை நானே எடுப்பதாகச் சொல்லியிருந்தேன். கேமராவை ஸ்டாண்டில் வைத்துச் சரிசெய்துகொண்டிருந்தபோது ஆன்ட்டி வந்தார். மாதா சபை ஆன்ட்டிதான், கைத்தடி பிடித்திருந்தார், வயதாகிவிட்டது. பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"என்னங்க, மொகம் இப்படிக் கறுத்துப்போச்சு?" என்று அப்பாவைக் கேட்டார். "ஆஸ்பத்திரில என்ன மருந்து குடுத்தாங்க?"

அப்பா முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுந்து நின்றார். அவர் எழுந்த விதம் எனக்குத் தெரியும். மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று நினைத்து, ஸ்டாண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"மருந்து ஒண்ணும் இல்ல" என்றார் அப்பா. "அவ நெறமே அதுதான்."

குரலை உயர்த்தவில்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஆன்ட்டி ஜெபமாலையை எடுத்துக்கொண்டு ஒரு நாற்காலியைத் தேடிப் போனார். அவ்வளவுதான் நடந்தது. வானம் இடியவில்லை, யாரும் எழுந்து போகவில்லை, யாருடைய மானமும் போகவில்லை.

"அப்பா, வாங்க, பக்கத்துல நில்லுங்க" என்றேன். வந்து நின்றார். தம்பியும் தங்கையும் மறுபக்கம் நின்றார்கள். நான் விசையைத் திருகிவிட்டு ஓடிப்போய் அம்மாவின் தலைமாட்டில் நின்று கேமராவை நேராகப் பார்த்தேன்.

அந்தப் படம் இப்போது என் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. அம்மா கறுப்பு, நான் கறுப்பு, படத்தில் இருப்பது யார் என்று யாரும் கேட்பதில்லை. பார்க்கிறவர்கள் என் முகத்தைக் காட்டி, அம்மா போன துக்கம் எப்படித் தெரிகிறது பாருங்கள் என்பார்கள். நான் திருத்துவதில்லை. அது துக்கம் இல்லை. இத்தனை லேசாகச் சொல்லக்கூடிய ஒன்றை, டீத் தட்டோடு நான் நின்ற அன்றைக்கு, என்னைப் பற்றி, ஏன் அப்பா சொல்லவில்லை?